ஸ்பிட்டியின் மேல் கிராமங்களுக்குச் சொந்த வண்டியில் போகலாமா?

வழிப்போக்கன்:
ஜூன் மூன்றாவது வாரம் ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். நான், மனைவி, தம்பி, 66 வயது அம்மா. தம்பிக்குச் சண்டிகரில் வேலை, என் டீசல் எஸ்யூவியும் இப்போது அவனிடம்தான் இருக்கிறது. அங்கிருந்து சிம்லா, கல்பா, நாகோ, தாபோ வழியாக ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா. காஸாவில் அறை எடுத்துக்கொண்டு லாங்சா, ஹிக்கிம், கோமிக், கிப்பர், சிச்சம் என்று மேல் கிராமங்கள். அப்புறம் லோசர், குன்சும் கணவாய், சந்திரதால் ஏரி, மணாலி. மொத்தம் பத்து நாள்.

நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "மேல் கிராமங்களுக்கு நம் வண்டியை ஏற்றுவதே தப்பு. உள்ளூர் டிரைவரை வைத்துக்கொள், இல்லையென்றால் பஸ்ஸில் போ" என்று கோபப்பட்டார். எனக்கு உடன்பாடில்லை. சொந்த வண்டி என்றால் நினைத்த இடத்தில் நிற்கலாம், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் உடனே திரும்பலாம். போய் வந்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அகிலா_மதுரை:
உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி என்பேன். ஸ்பிட்டிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். 2019இல் நான்கு வண்டிகளில் நண்பர்களோடு. 2023 செப்டம்பரில் ரெக்காங் பியோவிலிருந்து காஸா போகும் அரசுப் பேருந்தில், தனியாக.

முதல் முறை நீங்கள் எழுதியிருப்பது போலவே காஸாவில் தங்கி, ஒரே நாளில் லாங்சா, ஹிக்கிம், கோமிக் மூன்றையும் பார்த்தோம். லாங்சாவில் புத்தர் சிலை முன்னால் படம். ஹிக்கிம் தபால் நிலையத்தில் வீட்டுக்கு ஒரு கார்டு. கோமிக்கில் மடத்தைச் சுற்றிவிட்டு நூடுல்ஸ். மாலை ஐந்துக்குக் காஸா திரும்பிவிட்டோம். அந்த மூன்று ஊர்களுக்கும் நாங்கள் கொடுத்தது சில நூறு ரூபாயும் நான்கு வண்டிகளின் புழுதியும்தான். அறை வாடகை, சாப்பாடு, டீசல் என்று மிச்சப் பணமெல்லாம் கீழே காஸாவில் செலவானது. என் கோபம் இந்த ஒருநாள் சுற்றின் மேல்தான். சொந்த வண்டி அதைச் சுலபமாக்கிவிடுகிறது.

கியர்பாக்ஸ்:
அகிலா மேடம், ஒருநாள் சுற்று மோசம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு வண்டியின் நம்பர் பிளேட்டைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. காஸாவில் டாக்ஸி பிடித்தாலும் அதே மூன்று ஊர், அதே ஒரு நாள்தான். டாக்ஸிக்கு நாள் கணக்கில் பணம் கொடுப்பதால் நாமே அவரை அவசரப்படுத்துவோம். நான் என் வண்டியில் போனபோது தங்கரில் மட்டும் இரண்டு இரவு இருந்தேன். ஸ்பிட்டியின் பழைய தலைநகரம் அது. எதிரே பின் ஆறும் ஸ்பிட்டி ஆறும் சேரும் இடம் தெரியும். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம். டாக்ஸி காத்திருக்கிறது என்ற நினைப்பு இருந்தால் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது.

இன்னொன்று. "தொலைதூரக் கிராமம், அங்கே வண்டி போகக் கூடாது" என்று பேசும்போது அந்த ஊர்க்காரர்கள் சாலைக்காக எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். சிச்சம் பாலம் 2017இல் திறந்தது. அதுவரை கிப்பர் பக்கம் வர அந்தப் பள்ளத்தாக்கின் மேல் கம்பியில் தொங்கும் பெட்டிதான். பாலத்தில் நின்று கீழே பார்த்தால் வயிறு கலங்கும். அந்தப் பள்ளத்தின் மேல் பிள்ளைகளும் மூட்டைகளும் கம்பியில் போய் வந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் பச்சைப் பட்டாணி விளைந்து லாரியில் இறங்குவதும் இதே சாலைகளில்தான். அவர்கள் கேட்டு வாங்கிய சாலை.

அகிலா_மதுரை:
சாலை அவர்களுக்கு வேண்டும். அதை நான் மறுக்கவே இல்லை. அந்தச் சாலையில் நாம் எதைக் கொண்டுபோகிறோம் என்பதுதான் என் கேள்வி. வண்டியை விடுங்கள், தண்ணீரைப் பற்றிப் பேசலாம்.

ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதி. குளிர்காலப் பனிதான் அங்கே தண்ணீர். பனி உருகி 'குல்' என்ற சிறு வாய்க்கால்களில் வயலுக்கு வரும். பனி குறைந்த வருடம் பட்டாணியும் பார்லியும் காயும். அதனால்தான் அங்குள்ள பழைய வீடுகளில் உலர் கழிவறை. மாடியில் ஒரு சின்ன அறை, தரையில் ஒரு துளை, மூலையில் மண்ணும் சாம்பலும் குவித்திருக்கும். போய்விட்டு ஒரு கரண்டி மண்ணைத் தள்ள வேண்டும். கீழே சேர்வது மக்கி, வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போகும். நாற்றமில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை.

இரண்டாம் முறை போனபோது லாங்சாவில் ஒரு வீட்டில் மூன்று இரவு தங்கினேன். அந்த வீட்டு அம்மா தினமும் காலையில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குடம் நிரப்பினார். பக்கத்திலேயே புதிதாக இரண்டு அறை கட்டிக்கொண்டிருந்தார்கள், பீங்கான் கோப்பையும் ஃப்ளஷும் வைத்து. ஏன் என்று கேட்டேன். "வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், இல்லை என்றால் திரும்பிப் போய்விடுகிறார்கள்" என்றார். ஒரு முறை அழுத்தினால் ஆறேழு லிட்டர் போய்விடும். அவர் நிரப்பும் குடத்தில் பாதி. 2019இல் "அட்டாச்டு பாத்ரூம் இருக்கிறதா" என்று கேட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். அதைத்தான் இப்போது பொறுக்க முடியவில்லை.

கியர்பாக்ஸ்:
கழிவறை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். உலர் கழிவறை உள்ள வீட்டில்தான் தங்குவேன் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். கேட்க ஆள் இருந்தால் அவர்கள் ஏன் மாற்றப் போகிறார்கள்? ஆனால் பஸ்ஸில் வருகிறவரும் ஃப்ளஷ் கேட்கலாம், வண்டியில் வருகிறவரும் குடத்துத் தண்ணீரில் குளிக்காமல் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

திருச்சி_மருத்துவர்:
ஒரு மருத்துவராகக் குறுக்கிடுகிறேன். சிம்லா வழியாக ஏறுவது நல்ல முடிவு. சிம்லா சுமார் 2,200 மீட்டர், கல்பா 2,900க்கு மேல், நாகோ 3,600க்கு மேல். உடம்புக்குப் பழக நேரம் கிடைக்கும். மணாலியிலிருந்து ஒரே நாளில் 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சும் ஏறிக் காஸாவில் இறங்குகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான்.

சொந்த வண்டிக்காரர்கள் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. உயரத்தால் வரும் மலை நோய் பயணிக்கு வந்தால் டிரைவர் அவரைக் கீழே இறக்கிவிடுவார். டிரைவருக்கே வந்தால்? தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், முடிவெடுப்பதில் தாமதம். இவற்றோடு ஒருவர் பள்ளத்தாக்கு ஓரம் ஓட்டிக்கொண்டிருப்பார், அது அவருக்கே தெரியாது. அந்த ஊர்க்காரரை ஓட்ட வைப்பதன் பெரிய லாபம் இதுதான். அவர் உடம்பு அந்த உயரத்துக்குப் பழகியது.

வழிப்போக்கன்:
டாக்டர், தம்பியும் நானும் மாறி மாறி ஓட்டுவோம். இரண்டு பேருக்கும் மலை ஓட்டம் பழக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் இரவில் ஏறியிருக்கிறோம்.

பழைய_லாரி:
தம்பி, கல்பாவும் நாகோவும் இருக்கும் கின்னௌர் மாவட்டத்தில் மூன்று வருடம் ராணுவ லாரி ஓட்டியவன் நான். கொல்லிமலையை இங்கே கொண்டு வராதீர்கள். அங்கே தார்ச்சாலை, வளைவு மட்டும்தான் சோதனை. இங்கே வளைவு ஒரு பொருட்டே இல்லை. கல்லும் தண்ணீரும்தான்.

2021 ஜூலை 25, சாங்லா பள்ளத்தாக்கில் பட்சேரி அருகே மேலிருந்து பாறை உருண்டு ஒரு டெம்போவில் விழுந்து 9 சுற்றுலாப் பயணிகள் செத்தார்கள். அடுத்த மாதம் 11ஆம் தேதி நிகுல்சாரியில் மலையே சரிந்து அரசுப் பேருந்தும் வேறு வண்டிகளும் புதைந்தன. 28 பேர். நீங்கள் போகிற அதே தேசிய நெடுஞ்சாலை 5. அந்த இரண்டு இடத்திலும் ஓட்டியவர் திறமைக்கு வேலையே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் வழியாக யாரும் உல்லாசப் பயணம் போகாதீர்கள். ஜூன் பரவாயில்லை. ஆனால் "கல் விழும் இடம்" என்று பலகை இருந்தால் அங்கே நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது.

இரண்டாவது, மணாலி போகும் வழியில் லோசரிலிருந்து கிராம்பூ வரை. பெரும்பகுதி மண்ணும் உருளைக்கல்லும். பனியாற்று ஓடைகள் சாலையின் மேலேயே ஓடும். இரவில் உறைந்து, காலையில் முழங்கால் அளவு. வெயில் ஏற ஏறப் பனி உருகி, மதியம் இரண்டு மூன்று மணிக்கு அதே ஓடை வண்டியைத் தள்ளும். லோசரில் விடியும்போதே கிளம்பி, மதியத்துக்குள் அந்த வழியில் சத்ரு என்ற இடத்தைத் தாண்டிவிட வேண்டும். ஓடையில் இறங்கும் முன் ஒரு வண்டி போவதைப் பார்த்துவிட்டு, அதன் தடத்திலேயே, முதல் கியரில், நடுவில் நிற்காமல் போக வேண்டும். கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஏறினால் அங்கேயே கருகும்.

சந்திரதால் இன்னும் கஷ்டம். 2023 ஜூலையில் பருவம் தவறிப் பனி கொட்டி 250க்கும் மேற்பட்டவர்கள் ஏரிக் கூடாரங்களில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். காஸா பக்கமிருந்து பனியை வெட்டி வழி எடுத்துத்தான் மீட்டார்கள். மீட்டவர்களில் லோசர் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். வந்த வழியே சிம்லாவுக்கு இறங்குங்கள்.

கியர்பாக்ஸ்:
லாரி ஐயா சொன்ன எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆனால் அம்மா வருகிறார் என்பதாலேயே சொந்த வண்டி தேவை என்கிறேன். மேலே போகிற பஸ்ஸில் மணிக்கணக்கில் அவரை உட்கார வைக்க முடியுமா? நடுவில் இறங்க முடியுமா? பஸ்ஸில் போவது தனியாகப் போகும் இளையவர்களுக்குச் சரி. எல்லாருக்கும் அதையே விதியாக்கினால் மலையைப் பார்க்கும் உரிமை உடம்பு வலுவுள்ளவர்களுக்கு மட்டும் என்றாகிவிடும்.

அகிலா_மதுரை:
அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றச் சொல்லவில்லை. காஸா வரை வண்டியில் போகட்டும். காஸாவுக்கு மேலே உள்ளூர் டாக்ஸி எடுங்கள் என்கிறேன். லடாக்கில் வெளி மாநில வாடகை வண்டிகளை ஊர் சுற்ற விடுவதில்லை. அங்குள்ள டாக்ஸிக்காரர்கள் போராடிப் பெற்றது அது. ஸ்பிட்டியில் பயணிகள் வரும் நான்கைந்து மாதத்தில் சம்பாதிப்பதுதான் பலருக்கு வருடம் முழுக்க. நான்கு நாள் டாக்ஸிக்குக் கொடுக்கும் பணம் நேராக ஒரு குடும்பத்துக்குப் போகும். நீங்கள் மிச்சப்படுத்துவது அவர்களுடைய கூலியை.

வண்டியை வைத்து நம் ஆட்கள் செய்கிற இன்னொரு காரியமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஸ்பிட்டிக்குப் பக்கத்திலுள்ள லாஹௌலில் நெரிசலைத் தவிர்க்க ஒருவர் சந்திரா ஆற்றுக்குள்ளேயே வண்டியை இறக்கி ஓட்டி, போலீஸ் அபராதம் போட்டது. லாங்சாவுக்கு மேல் புல்வெளியில் டயர் தடங்களை நானே பார்த்தேன். அது ஆடு மாடும் யாக்கும் மேய்கிற இடம். அந்தக் குளிரில் ஒரு தடம் மூட எத்தனை வருடம் ஆகுமோ. உள்ளூர் டிரைவர் ஒருவரும் அதன் மேல் ஏற்ற மாட்டார், அது அவர் மாமன் வீட்டு மேய்ச்சல் நிலம்.

கியர்பாக்ஸ்:
புல்வெளியில் ஏற்றியவனை நானும் மன்னிக்க மாட்டேன். கூலி பற்றிச் சொன்னதும் சரிதான், அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, வழிகாட்டியை வைத்துக்கொண்டால் அந்தப் பணம் வேறு வழியில் அதே ஊருக்குத்தான் போகிறது. ஸ்பிட்டியின் டேமுல் கிராமத்தில் விருந்தினர்களை வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அங்கே நான் மூன்று நாள் இருந்தேன், வண்டி ஊர் எல்லையில் நின்றது. அதை யாரும் தப்பாகப் பார்க்கவில்லை. டாக்ஸி எடுத்தால்தான் நியாயம் என்பதை ஏற்க மாட்டேன்.

வழிப்போக்கன்:
இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்து வீட்டில் பேசினோம். சந்திரதாலும் மணாலியும் வேண்டாம், சிம்லா வழியே திரும்புகிறோம். அதில் மிச்சமாகும் நாள்களைக் காஸாவுக்கு மேலே செலவிடுவோம். ஒருநாள் சுற்று இல்லை, ஒரு கிராமத்தில் தங்கல். உலர் கழிவறை பற்றி அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "எங்க ஊர்ல சின்ன வயசுல கொல்லைக்குத்தானே போனோம்" என்று முடித்துவிட்டார்.

சொந்த வண்டி தப்பு என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. காஸா வரை நாங்கள்தான் ஓட்டுவோம். மேலே டாக்ஸியா நம் வண்டியா என்பது, டாக்டர் சொன்னபடி, அன்று காலை எங்கள் தலைவலியைப் பொறுத்தது. ஒரு கேள்வி, டாக்டர். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது. கோமிக்கில் ஒரு இரவு தங்கலாமா?

திருச்சி_மருத்துவர்:
வேண்டாம். கோமிக் 4,500 மீட்டருக்கு மேல். பகலில் போய்விட்டு இறங்கிவிடுங்கள். லாங்சாவும் 4,400தான், ஏறக்குறைய அதே உயரம். காஸாவில் குறைந்தது மூன்று இரவு இருந்து, அம்மா நன்றாகச் சாப்பிட்டு, தலைவலி இல்லாமல் தூங்கினால் பார்க்கலாம். இல்லையென்றால் தங்கலைத் தங்கருக்கு மாற்றுங்கள், 3,900க்குள் வரும். கிளம்புவதற்கு முன்பே அவருடைய இதய மருத்துவரிடம் காட்டி, மலை நோயைத் தடுக்கும் அசட்டசோலமைடு கொடுக்கலாமா என்று கேளுங்கள். சிறுநீர் பெருக்கும் மருந்து அது, அவர் ஏற்கெனவே அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

பழைய_லாரி:
தங்கர் ஏறும் சாலை குறுகல். எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவருக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் பின்னால் எடுக்க வேண்டும். தம்பி ஓட்டும்போது அம்மாவை மலைப் பக்கம் உட்கார வையுங்கள். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனால் தலைசுற்றும்.