ஜேர்மனிக்கு அனுப்பும் முதிரைக் கதவுகள்: மரம் வந்த வழியை எப்படி நிறுவுவது?

கொக்குவில் பட்டறை:
வணக்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அப்பா தொடங்கிய தச்சுப்பட்டறையை நானும் தம்பியும் நடத்தி வருகிறோம். ஜேர்மனியில் தளபாடம் இறக்குமதி செய்யும் ஒருவர், செதுக்கு வேலைப்பாடுள்ள 12 முதிரை மரக் கதவுகளை நிலைகளோடு செய்து தருமாறு கேட்டிருக்கிறார். விலை பேசி முடிந்தபின் அவர் அனுப்பிய கடிதத்தில், மரத்தின் அறிவியற் பெயர், வெட்டப்பட்ட இடம், வெட்டுவதற்கான அனுமதிப்பத்திரம், மரம் நின்ற காணியின் அகலாங்கு நெட்டாங்கு ஆகிய எல்லாவற்றையும் கேட்டுள்ளார்.

எங்களிடம் உள்ள மரம் மூன்று வழியாக வந்தது. ஒரு பகுதி, அயலில் இடிக்கப்பட்ட பழைய நாற்சார் வீட்டின் (நடுவில் முற்றமுள்ள வீட்டின்) தூண்களும் உத்தரங்களும். இன்னொரு பகுதி அரசாங்கத்தின் மரக் கூட்டுத்தாபனத்தில் பற்றுச்சீட்டோடு வாங்கியது. மிகுதியை ஒரு மரக்காலையில் (மரம் அரிந்து விற்கும் இடத்தில்) அரிந்த பலகையாக வாங்கினோம். அந்தக் காலைக்காரர் தந்த அனுமதிப்பத்திரப் பிரதியிலுள்ள திகதி, நாங்கள் பலகை வாங்கிய நாளுக்கு ஐந்து மாதம் பிந்தியதாக இருக்கிறது. எல்லாரும் இதைத்தான் கொடுத்து அனுப்புகிறார்கள் என்கிறார். இதை அனுப்பலாமா? மூன்றையும் கலந்து கதவு செய்யலாமா?

ஏற்றுமதி ஆவண எழுத்தர்:
தம்பி, அந்தப் பிரதியை அனுப்ப வேண்டாம். வாங்குபவர் அதை நம்பித் தம்முடைய நாட்டில் பொறுப்பேற்கப் போகிறார். திகதி பிழையென்று அங்கே கண்டுபிடிக்கப்பட்டால் சரக்கு தடுக்கப்படுவதோடு அவருக்குத் தண்டமும் விழலாம், உங்கள் பெயரும் கெட்டுவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 மார்ச் 3 முதல் நடைமுறையிலுள்ள மரச் சட்டம், மரம் வெட்டப்பட்ட நாட்டின் சட்டப்படி வெட்டப்பட்டதா என்பதையே முதன்மையாகப் பார்க்கிறது. 2023 இல் வந்த காடழிப்புத் தடைச் சட்டம் அதற்கு மேலும் சென்று, 2020 டிசெம்பர் 31 க்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்திலிருந்து அந்த மரம் வரவில்லை என்பதையும், அது நின்ற காணி எது என்பதையும் கேட்கிறது. இரண்டு தடவை ஒத்திவைக்கப்பட்ட இந்தச் சட்டம், பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசெம்பர் 30 இலிருந்து பொருந்தும். உங்கள் இறக்குமதியாளர் முன்கூட்டியே கேட்பது அதனால்தான். காணியின் ஆள்கூறுகளை, அதாவது அகலாங்கு நெட்டாங்கை, குறைந்தது ஆறு தசம இலக்கங்களுக்குத் தர வேண்டும். 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியென்றால் ஒரு புள்ளி போதாது, எல்லையையே வரைந்து காட்ட வேண்டும். இவற்றைச் சரிபார்த்ததாக உறுதிகூறும் கூற்றை ஒன்றியத்தின் கணினித் தொகுதியில் பதிவது அவருடைய வேலை. அதற்கான தரவைத் தருவது உங்கள் வேலை.

பழைய வீட்டு மரத்தைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமானது. பயன்பாட்டுக் காலம் முடிந்து, கழிவாகப் போயிருக்கக்கூடிய பொருளிலிருந்து முழுவதுமாகச் செய்யப்பட்டவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. "முழுவதுமாக" என்பதைக் கவனியுங்கள். கதவு பழைய உத்தரத்திலும் நிலை புதிய பலகையிலுமாக இருந்தால், அந்தப் புதிய பலகைக்கு எல்லா விபரமும் தேவை. பட்டறையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளும் இந்த விலக்கில் சேரா.

ஆகவே கலக்காதீர்கள். பழைய மரத்தில் எத்தனை கதவுகள் நிலையோடு தேறுமோ அவற்றைத் தனியாகச் செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் விற்பனைக் கடிதம் வாங்குங்கள். இடித்தபோது எடுத்த படங்கள் இருந்தால் சேர்த்து வையுங்கள். ஆணித்துளையும் பழைய பொருத்துவாயும் தெரியும்படி, சீவுவதற்கு முன் ஒவ்வொரு தூணையும் படமெடுங்கள். சீவிய பின் அந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது.

மரக்காலைக் கணக்கர்:
இருபது வருடமாக மரக்காலையில் கணக்கு எழுதுகிறேன். மரத்தின் தடம் பெரும்பாலும் வாளடியில்தான் அறுந்து போகிறது. குற்றியின் வெட்டுமுகத்தில் அடித்த முத்திரை, அரியும்போது கழிக்கும் நுனித்துண்டோடு விறகுக்குப் போய்விடும். பிறகு ஐந்து காணிகளின் பலகை ஒரே அடுக்கில் ஏறும். எந்தப் பலகை எந்த அனுமதிப்பத்திரத்துக்கு உரியது என்பதைக் காலைக்காரராலேயே சொல்ல முடியாது. அவர் பொய் சொல்ல நினைத்திராவிட்டாலும் கையில் கிடைத்த பிரதியைத்தான் எடுத்துத் தருவார்.

எங்கள் காலையில் நான் செய்வது இதுதான்: குற்றி இறங்கியவுடன் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் வரிசை எண்ணையும் கொப்பியில் எழுதி, அதே எண்ணை, அரிந்து வரும் ஒவ்வொரு பலகையின் இரு நுனியிலும் வர்ணத்தால் போட்டுவிடுவேன். அளவையும் ஒப்பிட வேண்டும். குற்றியை அரிந்தால் ஏறக்குறையப் பாதிதான் பலகையாகத் தேறும். 40 கன அடிக் குற்றிக்கான பத்திரத்தைக் காட்டி 35 கன அடிப் பலகை விற்றால், சோதனைக்கு வருபவர் கேள்வி கேட்காமல் போகமாட்டார்.

கூட்டுத்தாபனப் பற்றுச்சீட்டில் தொகுதி இலக்கம் இருந்தால், அதை வைத்து அது எந்த இடத்து மரம் என்று அங்கேயே எழுத்தில் கேளுங்கள். நேரில் போவது நல்லது.

ஹனோவரிலிருந்து:
நான் இங்கே இறக்குமதி நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், அண்ணா. பத்திரத்தில் "முதிரை" என்று மட்டும் எழுத வேண்டாம். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் வேறு பொருள் கொள்வார்கள், இங்கே யாருக்கும் புரியாது. "குளோரோசைலன் சுவீட்டேனியா" என்ற அறிவியற் பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். மரத்தின் துண்டை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் பார்த்தே இனத்தை அறிந்துகொள்ளும் வசதி இங்கே உண்டு. ஆவணங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டியிருப்பதால், உங்கள் பிரதிகளையும் அதுவரை எறிந்துவிடாதீர்கள்.

கொக்குவில் பட்டறை:
மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மரத்தைப் பிரித்து அடுக்கினோம். பழைய மரத்தில் நிலையோடு ஏழு கதவுகள் தேறும். கூட்டுத்தாபன மரத்தில் மூன்று. காலைப் பலகையை இந்த வேலைக்கு எடுக்கப்போவதில்லை. மிகுதி இரண்டு கதவுகளுக்கும் அவகாசம் கேட்டு, காரணத்தையும் மறைக்காமல் ஜேர்மனிக்கு எழுதிவிட்டேன். நாற்சார் வீட்டுக்காரர் விற்பனைக் கடிதம் தரச் சம்மதித்திருக்கிறார். தூண்களைப் படமெடுத்து முடியும்வரை சீவுளியைத் தொட வேண்டாமென்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.