கோடைக் கடைசியில் வயலோர நடை: பூவையும் பூச்சியையும் எப்படி இனங்காண்பது?

கேள்வி:
கோடை முடியும் தறுவாயில் வரப்போரமாக நடந்தால் படங்கள் நிறையச் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் மஞ்சள் பூவெல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. செயலி ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் சொல்கிறது. வண்ணத்துப்பூச்சியோ நாலடி நெருங்கினாலே பறந்துவிடுகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
மேலிருந்து பூவை மட்டும் எடுத்த படம் போதாது. ஒரு செடிக்கு ஐந்து படம் எடுங்கள்: முழுச்செடி, பூவின் முகம், பூவின் பின்புறம், தண்டில் இலை பொருந்தும் இடம், காய். சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது பல சிறு பூக்களின் கொத்து. அதன் அடியில் உள்ள பச்சைச் செதில்களின் வடிவமும் அடுக்கும் இனம் பிரிக்க ரொம்ப உதவும். செயலி தடுமாறுவது அந்தப் பகுதி படத்தில் இல்லாததால்தான்.

பூ உதிர்ந்த செடியை ஒதுக்காதீர்கள். இந்தப் பருவத்தில் காய்தான் பெரிய துணை. நெருஞ்சிக்காய் முற்றியதும் பொதுவாக ஐந்து துண்டாக உடையும், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய முள். அதைக் கண்டுவிட்டால் குழப்பமே இல்லை.

தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டையும் எதிரெதிர் இலையும் இருந்தால் தும்பை, துளசிக் குடும்பம்.

பதில் 2:
கடைசி வரியில் ஒரு திருத்தம். உண்ணிச்செடிக்கும் நான்கு பட்டைத் தண்டு, எதிரெதிர் இலைதான்; குடும்பம் வேறு. அங்கேயும் காயைப் பாருங்கள். உண்ணியில் கறுத்த சதைக்கனி, தும்பையில் பூவடிக் கிண்ணத்துக்குள் நான்கு உலர்ந்த விதைத்துண்டுகள்.

பதில் 3:
பூச்சி பறப்பதற்கு முக்கியக் காரணம் உங்கள் நிழலும் திடீர் அசைவும். நிழல் அதன்மேல் விழாத பக்கமாக, தாழக் குனிந்து மெல்லப் போங்கள். வெயில் ஏறத் தொடங்கும் நேரம் நல்லது. அப்போது வண்ணத்துப்பூச்சிகள் சிறகு விரித்து வெயில் காயும். உடல் சூடேறும்வரை சட்டென்று பறக்காது. இருநோக்கி (பைனாகுலர்) வாங்கினால் 2 மீட்டர் அருகில் இருப்பதையும் தெளிவாகக் காட்டுகிறதா என்று பாருங்கள், பூச்சிக்கு உருப்பெருக்கத்தைவிட அதுதான் முக்கியம்.

தூரம் நடப்பதைவிட ஓர் எருக்கஞ்செடி முன்னால் இருபது நிமிடம் நிற்பதில் கிடைப்பது அதிகம். இலையின் அடியில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி தனித்தனியாக முட்டையிடும். அதன் புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகளோடு இருக்கும். இலையை ஒடிக்காமல் திருப்புங்கள். பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கும்.

பூவருகே அந்தரத்தில் நிற்கும் மஞ்சள் பட்டைப் பூச்சியை உடனே தேனீ என்று குறித்துவிடாதீர்கள். உட்கார்ந்ததும் பாருங்கள்: ஒரே ஜோடிச் சிறகும் குட்டையான உணர்கொம்பும் இருந்தால் அது ஈ.