சுரண்டினால் வெள்ளை! ஸ்பீக்கர் ஒயரில் உங்களுக்கு மாட்டியது என்ன? (பெங்களூரு வாசகர்கள், புனைபெயரில்)

நாலு ஓம், பானஸ்வாடி

எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு, சனிக்கிழமை மத்தியானக் கூட்டம். கண்ணாடி உறை போட்ட இரட்டை ஒயர், "2.5 ஸ்கொயர், ஆக்சிஜன் ஃப்ரீ" என்று அச்சு (குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர், ஆக்சிஜன் நீக்கின செம்பு என்று அர்த்தம்), உள்ளே செம்பு தகதகவென்று. 10 மீட்டர் வெட்டியாகிவிட்டது. வெட்டின முனையில் ஓர் இழையை பிளேடு முதுகால் ரெண்டு இழுப்பு இழுத்தால் செம்பு உரிந்து உள்ளே வெள்ளை வெளேர். கேட்டதற்கு, "வெள்ளி கலந்திருக்கு சார், அதான் சவுண்டு இவ்ளோ கிளீனா வரும்" என்கிறார் கடைக்காரர், முகத்தில் சலனமே இல்லாமல். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

இது சி.சி.ஏ., அதாவது காப்பர் கிளாட் அலுமினியம். அலுமினியக் கம்பி, மேலே செம்புத் தோல். ஆனால் அந்த மூன்று எழுத்து உறையில் எங்குமே இல்லை. கையில் தூக்கினதுமே சுதாரித்திருக்கலாம். 2.5 ஸ்கொயர் இரட்டை ஒயர் 10 மீட்டர் என்றால் செம்பு மட்டுமே 450 கிராம் வரும். இந்தக் கட்டு உறையோடு சேர்த்தே 400ஐத் தொடவில்லை.

ஈயப்பற்று, ஸ்ரீராமபுரம்

சார், வெள்ளை தெரிந்ததும் அலுமினியம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெள்ளீயம் பூசின செம்பும் உண்டு. அது வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு. உங்களுடையது நேர் எதிர், அதனால் நீங்கள் சொல்வது சரி. சந்தேகம் தீர ஓர் இழையை மட்டும் உருவி சாதா லைட்டரில் காட்டுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், இழை தொய்ந்து முனையில் மணியாகச் சுருண்டுவிடும். செம்புக்கு 1085 வேண்டும். சிவந்து கறுக்கும், ஆனால் நிற்கும்.

அப்புறம் அந்த "ஸ்கொயர்" அச்சு. அதைப் பார்க்கவே கூடாது, இழையை எண்ண வேண்டும். நம் ஊர் எலக்ட்ரிக் கடையில் 23/76, 40/76, 70/76 என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதில் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, 76 என்பது 0.0076 அங்குலம், அதாவது 0.193 மில்லிமீட்டர் தடிமன். கணக்குப் போட்டால் 40/76 சுமார் 1.17 ஸ்கொயர், 70/76 ரெண்டை ஒட்டி வரும், 110/76 மூன்றுக்கு மேல். வெளிநாட்டு அட்டவணையில் 14 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க ஒயர் தடிமன் எண்) என்று கண்டால் இங்கே 70/76 கேளுங்கள், போதும். வீட்டு ஒயரிங் ஃப்ளெக்ஸிபிளில் 36/0.3 என்று போட்டிருந்தால் அது 2.5.

ஆக்சிஜன் ஃப்ரீக்குக் கூடுதல் காசு தண்டம். சாதா மின்சாரத் தரச் செம்புக்கும் அதற்கும் கடத்துவதில் வித்தியாசம் 1 சதவீதம்கூடத் தேறுவது கஷ்டம்.

ரசப்பொடி, மல்லேஸ்வரம்

ஒயிட்ஃபீல்டில் ஒரு ஃபிளாட். நாலு ஓம் டவர் ஸ்பீக்கர், சுவருக்குள்ளே 12 மீட்டர் 40/76. வால்யூம் பாதியைத் தாண்டினால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 'டக்' என்று கட்டாகி புரொடெக்‌ஷன் விளக்கு. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை: ஒயர் மெல்லிசு, சுவரை உடைக்கணும்.

கொஞ்சம் யோசித்தால் போதும். 12 மீட்டர் போய்வர 24 மீட்டர், 40/76இல் சுமார் 0.35 ஓம். நாலு ஓமுக்கு அது அதிகம்தான், முக்கால் டெசிபல் போய்விடும், பேஸின் பிடிப்பும் தளரும். ஆனால் மெல்லிய ஒயர் ஆம்ப்பை ஒருநாளும் கட் பண்ணாது! தடை கூடினால் ஆம்ப்புக்குச் சுமை குறையத்தானே செய்யும்?

ஸ்பீக்கர் முதுகில் டார்ச் அடித்தபோது தெரிந்தது. சிவப்பு முனையிலிருந்து முடி மாதிரி ஒரே ஓர் இழை, வளைந்து கறுப்பு முனையின் அடியில் படுவதும் விலகுவதுமாக. சத்தம் ஏற ஏறப் பெட்டி அதிரும், இழை தொடும், ஷார்ட். சுவரை உடைக்க நாள் குறித்தாயிற்று, கத்தரிக்கோலால் ஒரு வெட்டில் முடிந்தது.

முனை கட்டுவது இப்படி: 10லிருந்து 12 மில்லிமீட்டர் உறையை மட்டும் எடுங்கள், இழை ஒன்றுகூட வெட்டுப்படக் கூடாது. திருகு இறுகும் திசையில், வலப்பக்கமாக, முறுக்குங்கள். உள்ளே போனபின் உறை துளையின் வாயை ஒட்டி நிற்க வேண்டும், செம்பு வெளியே தெரியவே கூடாது.

ஈயப்பற்று, ஸ்ரீராமபுரம்

மேடம், அதற்குத்தான் முனையில் ஈயம் வைத்துவிட வேண்டும் என்பது. இழை பிரியவே பிரியாது.

பழைய வால்வு, ஜே.பி. நகர்

பேரிலேயே ஈயம் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருகுக்கு அடியில் ஈயம் வைத்த முனை போகவே கூடாது. ஈயம் மெத்து. திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொடுக்கும், ஆறு மாதத்தில் திருகு கையாலேயே ஆடும். இறுக்கினால் மறுபடி அதே கதை. பனானா பிளக்கின் (ஒயர் முனையில் மாட்டும் செருகியின்) குழிக்குள் முழுசாகச் சால்டர் செய்வது வேறு, அது நல்லது. திருகு என்றால் வெறும் செம்பு, இல்லை கிரிம்ப் செய்த ஃபெரூல் (இழைகள்மேல் மாட்டி நசுக்கும் குட்டி உலோகக் குழல்). முனை கறுத்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாக உரியுங்கள். சென்னைக் கடற்காற்றில் பச்சை பிடிக்கும் வேகம் இங்கே கிடையாது.

யாரும் கேட்கவில்லை என்றாலும், சுவர் வேலை பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். புது ஃபிளாட்டில் பூச்சுக்கு முன்பே குழாய் போடுகிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயம் கறாராகப் பேசுங்கள். ஸ்பீக்கருக்குத் தனிக் குழாய், 25 மில்லிமீட்டர், கரண்ட் ஒயரோடு ஒரே குழாயில் வேண்டாம். இரைச்சல் வரும் என்பதற்காக இல்லை, ஸ்பீக்கர் ஒயரில் அது லேசில் ஏறாது. உள்ளே எங்காவது உறை கிழிந்தால் 230 வோல்ட் நேராக ஆம்ப்பின் முதுகுக்கு வந்து நிற்கும், அதுதான் பயம். அடுத்தது வளைவு. ஒரு ஜங்ஷன் பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே ரெண்டுக்கு மேல் போனால் ஒயர் இழுபடாது. இழுத்தே தீருவேன் என்று இழுத்தால் உறை உரியும். கடைசியாக, ரெண்டு முனையிலும் அரை மீட்டராவது உபரி, இரண்டிலும் "முன் இடது", "பின் வலது" என்று டேப் சுற்றி எழுதின பிறகுதான் பூச்சு. நீளத்தை வரைபடத்தில் பார்க்காதீர்கள், சணல் கயிற்றைத் தரையோரமாக விட்டு அளந்து பாருங்கள். 6 மீட்டர் என்று நினைத்தது 9 ஆகும்.

எந்தத் தடிமன்? போய்வரும் மொத்தத் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 1 ஸ்கொயர் செம்பு மீட்டருக்கு 17 மில்லிஓம். அதை ஸ்கொயரால் வகுத்து, நீளத்தின் இரட்டிப்பால் பெருக்குங்கள். 8 ஓம், 5 மீட்டர் என்றால் 40/76 தாராளம். 4 ஓம், 12 மீட்டருக்கு 2.5. பின்னால் மாற்ற முடியாத சுவருக்குள் என்றால் 4 ஸ்கொயரே போட்டுவிடுவேன்.

சாதா மல்டிமீட்டரில் 0.1 ஓம் நம்பிப் படிக்க முடியாது, அதன் கம்பிகளே அவ்வளவு காட்டும். ஆம்ப், ஸ்பீக்கர் ரெண்டையும் கழற்றிவிட்டு, ஒயரின் தூர முனையை ஒன்றாக முறுக்குங்கள். இந்தப் பக்கம் 12 வோல்ட் பேட்டரி, வரிசையில் 21 வாட் வண்டி இண்டிகேட்டர் பல்பு. சுமார் 1.75 ஆம்பியர் ஓடும். இப்போது ஒயரின் ரெண்டு முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 10 மீட்டர் 2.5 ஸ்கொயர் நல்ல செம்பு கால் வோல்ட் காட்டும். 0.6 காட்டினால் உங்கள் 2.5 உண்மையில் 1.

இடதுகாது, அல்சூர்

இதெல்லாம் சரி, இடதும் வலதும் ஒரே நீளம் இருக்கணும் என்பதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? 3 மீட்டர் போதும் என்ற பக்கத்துக்கும் 8 மீட்டர் வாங்கச் சொல்லித்தான் எங்கேயும் சொல்கிறார்கள்.

ரசப்பொடி, மல்லேஸ்வரம்

எங்கேயும் என்றால் ஒயர் விற்கிற கடையிலா? 5 மீட்டர் வித்தியாசம், 2.5 ஸ்கொயரில் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் டெசிபலில் நூறில் எட்டுப் பங்குகூட இல்லை. நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் இதைவிட மாறும்.

ரெட்டை மீட்டர், இந்திராநகர்

நீளத்துக்குச் சண்டை போடும் வீடுகளில் பாதியில் ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பாசிட்டிவ் நெகட்டிவே மாறியிருக்கும். கண்ணாடி உறை ஒயரில் ரெண்டும் செம்பு நிறம். பாட்டு போட்டால் பாடகர் குரல் நடுவே நிற்காமல் காதுக்குப் பின்னால் அலையும், பேஸ் காணாமல் போகும், ஆட்கள் "ஒயர் மட்டம்" என்று புது ஒயர் தேடுவார்கள். உறையை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் மெல்லிய வரி தட்டும். அந்த வரி எந்த முனைக்கு என்று வீடு முழுக்க ஒரே முடிவு. சுவருக்குள் போனது தெரியாவிட்டால் 1.5 வோல்ட் பென்சில் செல், ஒரு கணம் தொட்டு எடுங்கள், பிடித்தே வைக்காதீர்கள். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் சிவப்பில் பட்டால் பேஸ் கோன் முன்னால் வரும். உள்ளே போனால் மாறியிருக்கிறது.

நாலு ஓம், பானஸ்வாடி

வால்வு அண்ணா, உங்கள் பல்பு வித்தை போட்டாயிற்று. வெள்ளிக் கலவை ஒயர், 10 மீட்டர், 0.38 வோல்ட். கணக்கில் 0.22 ஓம். செம்பைப் போல சுமார் 1.6 மடங்கு, சி.சி.ஏ.க்கு அச்சு அசலாக வருகிறது. ஸ்கொயரில் பொய் சொல்லவில்லை, உலோகத்தில்தான்.

முன்பக்க நாலு ஓமுக்கு 5 சதவீதம் 0.2, அதைத் தாண்டுகிறது. பின்பக்கச் சின்ன ஸ்பீக்கர் 8 ஓம், 6 மீட்டர், அங்கே தாங்கும். ஒரு முனையைத் திருகில் ரெண்டு தரம் கழற்றி மாட்டினதற்கே நாலு இழை முறிந்து கையில் வந்துவிட்டது. ஃபெரூல் எஸ்.பி. ரோட்டில் எந்தச் சந்தில் கிடைக்கும்?