பேனல் போர்டைச் சுற்றி விட வேண்டிய இடம்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

மின் ஒப்பந்ததாரர், திருப்பூர்:

பேனல் போர்டுக்கு, அதாவது மெயின் சுவிட்சும் பிரேக்கர்களும் இருக்கும் மின் பெட்டிக்கு, முன்னால் குறைந்தது 1 மீட்டர் விட வேண்டும் என்பது நம் தொழிலில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். பின்பக்கத்துக்கான விதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதனால் வந்த ஒரு சிக்கலை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னமைப்பில், சுவிட்ச்போர்டின், அதாவது பேனலின், பின்புறம் துணைப் பாகங்களோ மூடப்படாத இணைப்புகளோ இருந்தால், அங்குள்ள இடைவெளி 20 செ.மீ.க்குக் குறைவாகவோ 75 செ.மீ.க்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 51ஆவது விதியாக இருந்த இந்த அளவுகள், மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளிலும் தொடர்ந்தன. 20 செ.மீ. சந்துக்குள் எந்த ஆளாலும் நுழைய முடியாது. 75 செ.மீ.க்கு மேல் இருந்தால் நின்று வேலை செய்யலாம், ஆபத்து என்றால் விலகி வெளியேறலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் ஒருவர் பக்கவாட்டாகச் செருகிக்கொள்ள முடியும். ஆனால் திரும்பவோ குனியவோ முடியாது. முதுகு சுவரை ஒட்டியிருக்கும் நிலையில் கை மின்சாரத்தில் பட்டால், செங்கல் சுவரே உடல் வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கும் பாதையாகிவிடும்.

நான் சொல்லும் பின்னலாடைத் தொழிற்சாலையில் இடைவெளி 50 செ.மீ. இருப்பதாக உரிமையாளர் அளந்து காட்டினார். அவர் பேனலின் தகட்டிலிருந்து அளந்திருந்தார். விதிப்படி, பின்னோக்கி மிக அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கும் பாகத்திலிருந்துதான் அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது 40 செ.மீ.தான் தேறியது. "பின்னால் யார் சார் போகப் போகிறார்கள்?" என்று அவர் கேட்டார். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பின்மூடியைக் கழற்றிக் காட்டினேன். சிவப்பு ஃபேஸ் இணைப்பின் மேலிருந்த ஸ்லீவ் (மின்காப்பு உறை) சூட்டினால் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. அந்தச் சந்தில் ஸ்பேனரைக் கால்வட்டம்கூடச் சுற்ற இடமில்லாததால், ஆண்டுப் பராமரிப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த போல்ட்டை இறுக்காமலேயே போயிருக்கிறார்கள்.

நல்லவேளையாக முன்னால் 1.6 மீட்டர் இடம் இருந்தது, டிரெஞ்சில் (கேபிள் போகும் தரைப் பள்ளம்) கேபிள்களும் சற்றுத் தாராளமாக விடப்பட்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன் எடுத்துப் பேனலை 40 செ.மீ. முன்னுக்கு நகர்த்தினோம். பின்னால் 80 செ.மீ., முன்னால் 1.2 மீட்டர் என்று இரண்டும் விதிக்குள் வந்தன. பின்பக்கம் 75 செ.மீ.யைத் தாண்டிவிட்டால் பேனலின் இரு முனைகளிலிருந்தும் 1.8 மீட்டர் உயரத்துக்குத் தடையில்லாத வழி இருக்க வேண்டும் என்பதால், ஒரு முனையை அடைத்து நின்ற நூல் அலமாரியையும் அகற்றச் செய்தேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை:

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் விதி தெரியாமல் இல்லை. மீட்டர் அறை காலியாக இருந்ததுதான் பிரச்சினை. துடைப்பம், பழைய செய்தித்தாள் கட்டு, குழந்தைகளின் சைக்கிள், கொலு படிகள் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்து சேர்ந்தன. ஆயுத பூஜையன்று பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, அதன் அடியிலேயே அகல்விளக்கையும் ஏற்றிவைத்தவர்கள் நாங்கள்.

ஐப்பசி மழையில் ஓர் இரவு அந்த அறையிலிருந்து கருகல் வாசனை வந்தது. காவலாளி கைப்பேசி வெளிச்சத்தில் சைக்கிளை வெளியே இழுத்து, கொலு படிகளை நகர்த்திய பிறகுதான் மெயின் சுவிட்சை அணைக்க முடிந்தது. பேனல் கதவு முழுவதும் திறக்காததால், மறுநாள் வந்த வயர்மேனும் முதலில் சாமான்களை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். அதன் பிறகு தரையில் மஞ்சள் கோடு போட்டோம், அறிவிப்பும் ஒட்டினோம். ஒரு மாதத்துக்குள் துடைப்பம் திரும்பவும் கோட்டுக்குள் வந்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே துப்புரவுப் பொருள்களுக்கென்று ஓர் அலமாரி செய்து கொடுத்த பிறகே அறை காலியாக நிற்கிறது. வைக்க வேறு இடம் காட்டாமல் 'வைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டுவதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

மின் பொறியாளர், ஹூஸ்டன்:

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பிலும், வேலை செய்வதற்காக ஒதுக்கிய இடத்தில் பொருள்களைச் சேமித்து வைக்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். திருப்பூர் நண்பர் சுவரைப் பற்றிச் சொன்னது இங்கே அளவிலேயே இருக்கிறது. 480 வோல்ட் பேனலுக்கு எதிரே மின்சாரமும் இல்லாமல், தரையோடு மின்தொடர்புள்ள பரப்பும் இல்லாமல் இருந்தால் 3 அடி போதும். எதிரே கான்கிரீட், செங்கல் அல்லது ஓடு பதித்த சுவர் இருந்தால், அதைத் தரையோடு தொடர்புள்ளதாகவே கருதி மூன்றரை அடி கேட்கிறார்கள். இருபுறமும் மின்சாரமுள்ள பாகங்கள் வெளியே தெரிந்தால் 4 அடி. பேனலின் கதவு குறைந்தது 90 பாகை திறக்கவும் வேண்டும். நான் பார்த்த ஒரு கடையின் கிடங்கில், சரக்குப் பலகைகளை நகர்த்தச் சொல்லிக் களைத்துப்போன பராமரிப்பாளர் தரையில் ஒரு சங்கிலித் தடுப்பையே போட்டுவிட்டார். அது பலன் தந்தது.

பராமரிப்புப் பொறியாளர், கோயம்புத்தூர்:

1 மீட்டர் என்பது குறைந்தபட்சம் மட்டுமே என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் நூற்பாலையில் முன்பக்கம் சரியாக 1 மீட்டர் விட்டிருந்தார்கள். ஆய்வின்போது யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மெயின் ஏசிபி (பழுது வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பெரிய பிரேக்கர்) வெளியே இழுத்துக் கழற்றும் வகையைச் சேர்ந்தது. அதைத் தண்டவாளத்தில் முழுவதும் இழுத்த பிறகு எதிர்ச் சுவருக்கும் அதற்கும் நடுவில் தூக்கு வண்டியை நுழைக்க இடமில்லை. பல ஆட்கள் தூக்கும் கனமுள்ள பிரேக்கரை, அந்த இடுக்கில் நின்றபடி கைகளால்தான் இறக்கினார்கள். இப்போது புதிய பேனல் அறைக்கு வரைபடம் வரும்போது, பிரேக்கர் முழுவதும் வெளியே வந்த நிலையையும் கதவு திறந்த நிலையையும் அதில் வரைந்து, அதற்குப் பின்னால் வண்டி நிற்கும் இடத்தையும் குறித்துத் தந்தால் மட்டுமே கையெழுத்திடுகிறேன். கட்டடக் கலைஞர்கள் ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கிறார்கள், ஆனால் வரைந்து தருகிறார்கள்.