கெட்டிஸ்பர்க்கில் ஜெயித்த மீட், லீயை ஏன் தப்ப விட்டார்?

கேள்வி:
அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்கின் தளபதி மீட் தெற்கின் தளபதி லீயை வென்ற கெட்டிஸ்பர்க் சண்டை 1863 ஜூலை 3-லேயே முடிந்துவிட்டது. லீயின் படை தெற்கே திரும்ப பொடோமாக் ஆற்றைத் தாண்டியது 13-ஆம் தேதி இரவில்தான். ஆற்றில் வெள்ளம், பாலமும் இல்லை. இவ்வளவு இருந்தும் மீட் கோட்டைவிட்டார் என்று ஜனாதிபதி லிங்கன் கொதித்தது நியாயம்தானே?

பதில் 1:
அத்தனை நாளையும் மீட் தலையில் கட்ட முடியாது. அவர் தலைமை ஏற்றதே ஜூன் 28-இல். மூன்று நாள் சண்டையில் இறந்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர் சேர்த்து சுமார் 23,000 பேர் இழப்பு. கோர் (பெரும் படைப்பிரிவு) தளபதிகளில் ரெனால்ட்ஸ் இறந்துவிட்டார். ஹான்காக், சிக்கிள்ஸ் படுகாயம். லீ 4-ஆம் தேதி இரவு அடைமழையில் கிளம்பி, ஃபேர்ஃபீல்டு பக்கத்து மலைக் கணவாய்கள் வழியே குறுக்கே போனார். கணவாயில் சிறு பின்காவல் படை நின்றாலே பெரிய படை திணறும். அதனால் மீட், பெரும்பகுதிப் படையை ஃபிரெடெரிக் நகர் வழியாகச் சுற்றி நடத்தினார். தூரம் அதிகம்தான், ஆனால் வாஷிங்டனுக்கு அரணாக இருக்கலாம், தளவாடமும் கிடைக்கும்.

பதில் 2:
10-ஆம் தேதி வரைக்கும் அது சரி. 12, 13-க்கு என்ன பதில்? பொடோமாக்கில் லீக்கு இருந்த ஃபாலிங் வாட்டர்ஸ் மிதவைப் பாலத்தை வடக்கின் குதிரைப்படை 4-ஆம் தேதியே அழித்திருந்தது. ஆற்றங்கரை ஊரான வில்லியம்ஸ்போர்ட்டில் மாட்டிக்கொண்ட லீயின் ஆட்கள் கிடங்குகளைப் பிரித்து, அந்த மரத்தில் புது மிதவைகள் செய்தார்கள். 12-ஆம் தேதி இரவு மீட் தாக்க நினைத்தும், கோர் தளபதிகளிடம் கருத்துக் கேட்டார். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். மறுநாள் வேவு பார்ப்பதிலேயே போயிற்று. அன்றிரவு லீயின் படையில் யூவெல்லின் கோர் ஆற்றில் இறங்கி நடந்தது, மற்றவர்கள் பாலத்தில் போனார்கள். தென்கரையில் மறிக்க வலுவான படை இல்லை. கட்டளையிட வேண்டிய இடத்தில் வாக்கெடுப்பு நடத்தியதுதான் தவறு.

பதில் 1:
ஆற்றங்கரையில் லீ அமைத்திருந்த அரண்களையும் பாருங்கள். காலியான பிறகு அவற்றைப் பார்வையிட்ட வடக்கு அதிகாரிகள் பலர், மோதியிருந்தால் பேரிழப்பு என்றே கருதினார்கள்.

பதில் 3:
லிங்கனின் ஆற்றாமை 14-ஆம் தேதி பிறந்ததல்ல. “நம் மண்ணிலிருந்து” எதிரியை விரட்ட வேண்டும் என்று 4-ஆம் தேதி மீட் தன் படைக்கு ஆணை எழுதினார். தெற்கும் நம் மண்தானே என்று லிங்கன் அப்போதே மனம் கசந்தார். அவருக்கு வேண்டியது லீயின் படையே இல்லாமல் போவது. அதே 4-ஆம் தேதி விக்ஸ்பர்க்கில் தெற்கின் ஒரு முழுப் படை வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்திருந்தது. 14-இல், ஜனாதிபதிக்குக் கடும் அதிருப்தி என்று வடக்கின் தலைமைத் தளபதி ஹாலெக் தந்தி அடித்ததும் மீட் விலக முன்வந்தார்; அதை மேலிடம் ஏற்கவில்லை. அன்று லிங்கன் மீட்டுக்கு எழுதிய காட்டமான கடிதம், கையெழுத்தில்லாமல், அனுப்பாமல் அவரிடமே தங்கிவிட்டது. 21-ஆம் தேதி மீட்டின் கோர் தளபதி ஹோவர்டுக்கு எழுதும்போது, நடக்காததைக் குறை சொல்லாமல் நடந்ததற்கு நன்றி சொல்கிறார். மீட்டின் அந்தப் பொடோமாக் படைக்குப் போர் முடியும்வரை மீட்தான் தளபதி.