மறுமொழி: பழுது நினைவகமா, பிறழ் நினைவகமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியில் ரேம் (கணினி வேலை செய்யும்போது தரவை வைத்துக்கொள்ளும் நினைவகம்) தகராறு செய்தால் என்ன செய்வது என்ற கையேட்டைத் தமிழாக்கும் வேலை முக்கால்வாசி முடிந்து, ‘ஃபால்ட்டி மெமரி’க்கு, அதாவது பிழை செய்யும் நினைவகத்துக்கு, என்ன சொல் என்பதில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இழையில் வந்த பரிந்துரைகள் அத்தனையும் படித்தேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனைக் கருவி பிழை காட்டுகிற நிலைக்குப் ‘பிறழ்வு’, அப்படி நடந்துகொள்ளும் நினைவகத்துக்குப் ‘பிறழ் நினைவகம்’. ‘பழுது’ என்ற சொல்லைக் காரணம் எங்கே என்று தெரிந்த பிறகு மட்டும் எடுப்போம்.

> ஃபால்ட்டி மெமரிக்குப் ‘பழுதான நினைவகம்’ என்று நேராகப் போட்டுவிட்டால் என்ன? எல்லோருக்கும் புரியுமே.

புரியும் ஐயா. அது புரிகிற விதத்தில்தான் எனக்குத் தயக்கம். திரையில் பழுது என்று பார்த்தவர் அடுத்த நிமிடமே ரேம் ஸ்டிக்கைக் கழற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். ஆனால் பிழை வந்தாலே ஸ்டிக் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. சொருகும் இடமான ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். தங்க முலாம் பூசிய தொடுமுனையில் தூசியோ பிசுக்கோ படிந்திருக்கலாம். மதர்போர்டில் ஸ்லாட் போயிருக்கலாம். இப்போதெல்லாம் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருப்பதால், அதன் மேலும் சந்தேகம் வரலாம்.

எல்லாவற்றையும்விட வீடுகளில் அதிகம் பார்ப்பது எக்ஸ்எம்பி, அதாவது ரேமைத் தர வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு, பற்றிய விவகாரம். டிடிஆர்4 வகை ரேமுக்கு வகுத்த மின்னழுத்தம் 1.2 வோல்ட், தரம் வகுக்கும் அமைப்பான ஜெடெக்கின் கணக்கில் உச்ச வேகம் 3200. பெட்டியில் 3600 என்று அச்சிட்டு விற்கும் ஸ்டிக்குகள் அந்த வேகத்தைத் தொட, கணினி துவங்கும்போதே வரும் அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்க வேண்டும். அது பெரும்பாலும் மின்னழுத்தத்தை 1.35-க்கு ஏற்றும். உண்மையில் இது ஓவர்கிளாக்தான், வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. இரண்டு ஸ்டிக்கோடு ஒழுங்காக ஓடிய கணினி நான்கு ஸ்டிக் போட்டதும் தடுமாறுவது பல நேரம் இதனால்தான். எக்ஸ்எம்பியை அணைத்ததும் பிழை நின்றுபோனால், அங்கே எந்தப் பொருளும் பழுதாகவில்லை.

என் அத்தை மகன் வீட்டில் இதுதான் நடந்தது. படத் திருத்தம் செய்யும்போதெல்லாம் கணினி உறைந்துபோனது. கடைக்காரர் ரேம் போச்சு என்று சொல்லிப் புது ஸ்டிக் விற்றார். புதியதும் அப்படியே உறைந்தது. ஒரு ஸ்டிக்கை மட்டும் மாட்டி வைத்துக்கொண்டு, அதையே ஸ்லாட் மாற்றி மாற்றிச் சோதித்தபோது பிழை ஸ்டிக்கோடு போகவில்லை, ஸ்லாட்டிலேயே தங்கியது. பழைய ஸ்டிக் வேறொரு கணினியில் இன்றும் நன்றாக உழைக்கிறது. ‘பழுது’ என்று அவசரப்பட்டுச் சொன்ன ஒரு சொல்லுக்கு அவன் கொடுத்த விலை ஒரு புது ஸ்டிக்.

கையேட்டின் நடுப்பகுதியும் இந்த வரிசையில்தான் போகிறது. எக்ஸ்எம்பியை அணை, கழற்றித் துடைத்து மாட்டு, ஒவ்வொன்றாகச் சோதி, ஸ்லாட் மாற்றிச் சோதி. இதெல்லாம் முடிந்து, பிழை எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் ஸ்டிக்கைத் துரத்திக்கொண்டு வந்தால் மட்டுமே ஸ்டிக் பழுது. பத்தாம் பக்கத்தில் தர வேண்டிய தீர்ப்பை நாம் முதல் பக்கத் தலைப்பிலேயே வைத்துவிடக் கூடாது.

(துடைப்பது பற்றி ஒரு வார்த்தை. பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். முலாம் மிக மெல்லியது, முரட்டு ரப்பர் அதைச் சுரண்டும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணி போதும் என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.)

> அப்படியானால் ‘நிலையற்ற நினைவகம்’? அன்ஸ்டேபிள் என்பதற்கு அதுதானே நேர்.

அக்கா, இதில் வேறொரு சிக்கல். மின்சாரம் நின்றால் ரேமில் உள்ளது அத்தனையும் போய்விடும். அந்தக் குணத்தையே ‘நிலையற்ற’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆக, நல்ல ரேமும் நிலையற்றது, கெட்ட ரேமும் நிலையற்றது என்றாகிவிடும். பள்ளிப் பிள்ளை குழம்பிப்போகும். ‘வழு நினைவகம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வழுவை (பக்) நாம் மென்பொருள் பக்கத்துக்கு எழுதிக்கொடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது, அங்கேயே இருக்கட்டும்.

இனி ‘பிறழ்’ ஏன் என்பதற்கு வருகிறேன்.

நாலு ஜிபி அளவுள்ள ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) இறக்கியிருக்கிறீர்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா256 சரிபார்ப்புத் தொகை போட்டுப் பார்க்கிறீர்கள், தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. இறக்கியதில் கோளாறு போல என்று நினைத்து மறுபடி போடுகிறீர்கள். இப்போது மூன்றாவதாக ஒரு தொகை வருகிறது. கோப்பை யாரும் தொடவில்லை, வட்டில் அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் படித்தது ரேமில் வந்து உட்கார்ந்த இடத்தில் ஏதோ ஒரு பிட் (0 அல்லது 1) மாறிவிட்டது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓட்டினால் நீலத் திரையில் சிவப்பு வரியாக வந்து நிற்கும்: எதிர்பார்த்தது 00000000, கிடைத்தது 00000400. இங்கே ஒவ்வோர் இலக்கமும் நான்கு பிட், ஆக முப்பத்திரண்டு பிட்டில் மாறியது ஒன்றே ஒன்று.

எழுதும்போது ஒன்றை வாங்கிக்கொண்டு, கேட்கும்போது வேறொன்றைச் சொல்வது. செய்தித்தாள்களில் இதற்கு ஒரு சொல் தினமும் புழங்குகிறது. காவல்துறையிடம் ஒன்று சொல்லிவிட்டு நீதிமன்றக் கூண்டில் மாற்றிச் சொல்பவரைப் ‘பிறழ் சாட்சி’ என்கிறோம். டீக்கடையில் பேப்பர் படிக்கிறவருக்கும் அது தெரியும். சொன்ன சொல் பிறழாதவர் என்று பெரியவர்களைப் புகழ்வதும் உண்டு. நினைவகத்தின் வேலையும் அதுதான், கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தருவது. அது பிறழ்ந்தால் பிறழ் நினைவகம். காரணம் ஸ்டிக்கா, ஸ்லாட்டா, சூடா என்று இந்தச் சொல் எதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறது.

> ‘மனப்பிறழ்வு’ நினைவுக்கு வராதா? நினைவு, பிறழ்வு இரண்டும் சேர்ந்தால் மருத்துவமனை வாடை அடிக்கிறது.

நியாயமான கேள்வி. ‘நினைவுப் பிறழ்வு’ என்று எழுதினால் அந்த வாடை வரத்தான் செய்யும். அதனால் எங்கும் ‘நினைவக’ என்பதை விட வேண்டாம். ‘நினைவகப் பிறழ்வு’ என்றே எழுதுவோம். ‘-அகம்’ வந்துவிட்டாலே அது பொருள், மனிதர் இல்லை என்று காது எடுத்துக்கொள்கிறது.

அடுத்து பிட் ஃப்ளிப். இதற்கும் ‘பிறழ்வு’ போதும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கு இங்கே ‘புரள்வு’ வேண்டும். பூச்சியம் ஒன்றாகவும் ஒன்று பூச்சியமாகவும் புரள்கிறது. அதைவிட முக்கியம், தமிழில் புரள், புரட்டு என்று தன்வினையும் பிறவினையும் ஜோடியாகக் கிடைக்கின்றன. தானாக நடப்பது பிட் புரள்வு, ஒருவர் வேண்டுமென்றே செய்வது பிட் புரட்டு. இந்த வேறுபாடு வெறும் இலக்கண அழகு இல்லை. 2014-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் யூங்கு கிம், ஓனுர் முட்லு முதலியோர், ரேமுக்குள் பிட்டுகள் அடுக்கியிருக்கும் ஒரே வரிசையை மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் பக்கத்து வரிசையின் பிட்டுகள் மாறுவதைக் காட்டினார்கள். ரோஹேமர் என்று பெயர் பெற்றது அது. மறு ஆண்டே கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான பிராஜெக்ட் ஜீரோ அதை வைத்துக் கணினியின் முழு அதிகாரத்தையும் பிடிக்க முடியும் என்று செய்துகாட்டியது. அது புரட்டு. ‘புரட்டு’க்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஏமாற்று என்ற பொருளும் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

> சாஃப்ட் எரர், ஹார்டு எரர்: மென்பிழை, வன்பிழை. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

எனக்கு இருக்கிறது. மென்பொருளும் வன்பொருளும் வேர்விட்டுவிட்ட மொழியில் ‘மென்பிழை’ என்று படித்தால் மென்பொருளில் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பொருளோ முற்றிலும் வேறு. 1978-இல் இன்டெலைச் சேர்ந்த டிமோத்தி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் கண்டது, சிப்பின் உறையில் மிகச் சிறிதளவே இருந்த கதிரியக்கப் பொருளின் ஆல்ஃபா துகள் பட்டு பிட் மாறுகிறது என்பது. சிப்புக்கு எந்தச் சேதமும் இல்லை, மறுபடி எழுதினால் சரியாகிவிடும். இது முழுக்க முழுக்க வன்பொருளில் நடக்கும் ‘மென்பிழை’! ஆகவே ‘வந்துபோகும் பிழை’, ‘நிலைத்த பிழை’ என்று வைத்துக்கொள்வோம். சொல் கொஞ்சம் நீளம்தான், ஆனால் சரியாக இருக்கிறது.

எப்படியும் முதல் சந்தேகம் மென்பொருள் மேல்தான் விழுகிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022 அக்டோபரில் அப்படி ஆயிற்று. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைத் தொகுக்கும்போது வந்த விசித்திரப் பிழைகளுக்குக் கர்னலில் காரணம் தேடினார். கடைசியில் பார்த்தால் கெட்டது ஒரு ரேம் ஸ்டிக். அவர் பல காலமாக வற்புறுத்தி வந்த பிழைதிருத்த நினைவகம் அந்தக் கணினியில் இல்லை. 64 பிட்டுக்குக் கூடவே 8 பிட் வைத்து, ஒரு பிட் புரண்டால் திருத்தி, இரண்டு புரண்டால் எச்சரிக்கும் ஏற்பாடு அது. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இருக்காது. ‘பிழைதிருத்த நினைவகம்’ என்ற பெயரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு சொல், இதை நான் விடவே மாட்டேன். பிழை ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப வந்தால், புது ஸ்டிக் வாங்கும்வரை அந்த முகவரியைத் தொடாதே என்று லினக்ஸைத் துவக்கும் நிரலான கிரப்பின் அமைப்பில் எழுதி வைக்கலாம். விண்டோஸிலும் இதற்கு வழி உண்டு. இதை வரைவில் ‘ஒதுக்கிய முகவரிகள்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் நாமே நினைவக ஒதுக்கீடு என்றால் ஒரு நிரலுக்குக் கொடுப்பது என்று வழக்கப்படுத்தியிருக்கிறோம். அப்போது ‘ஒதுக்கிய முகவரி’ என்பது பயன்பாட்டுக்குக் கொடுத்த முகவரி என்று நேர் எதிராகப் படும். ‘விலக்கிய முகவரிகள்’ என்று மாற்றிவிடுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான் என்ற எச்சரிக்கையும் கூடவே வர வேண்டும். சூடு ஏறினால், பிட்டுகளை மின்னூட்டமாக வைத்திருக்கும் ரேமின் நுண் மின்தேக்கிகள் வேகமாகக் கசியும். 64 மில்லிநொடிக்கு ஒருமுறை மின்னூட்டத்தை மீண்டும் நிரப்பும் புதுப்பிப்பு வருவதற்குள் பக்கத்துச் செல்களும் தோற்கத் தொடங்கலாம்.

சோதனைப் பகுதியில் இரண்டு திருத்தம். மெம்டெஸ்ட்86+ 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்துதான் யுஇஎஃப்ஐ (பயாஸின் இடத்தில் வந்த புதிய துவக்க அமைப்பு) கணினிகளில் நேராகத் துவங்குகிறது. பழைய பென் டிரைவை வைத்துக்கொண்டு ‘துவங்கவில்லை’ என்று கேட்பவர்களுக்காக அதைச் சேர்க்க வேண்டும். ‘ஒரு சுற்று’ என்றிருப்பதை ‘ஓர் இரவு முழுக்க’ என்று ஆக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது தேறிவிட்டு, சூடான பிறகு பிறழும் ரேம் நிறைய. அப்புறம், சந்தேகம் தீரும்வரை காப்புப்பிரதி எடுக்க வேண்டாம் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பிறழ் நினைவகம் வழியாகப் போகும் பிரதியில் தவறான பைட் வட்டில் நிரந்தரமாகப் பதிந்துவிடும், நல்ல பழைய பிரதியின் மேலேயே போய் உட்கார்ந்துவிடும். குடும்பப் படங்கள் அப்படிப் போனால் மீட்க வழியே இல்லை.

முடிவாகாத ஒன்று: பிழைச் செய்தியின் வாசகம். ‘நினைவகம் பிறழ்கிறது. எது காரணம் என்று இன்னும் தெரியவில்லை. ஸ்டிக்கை மாற்றும் முன் 4-ஆம் பக்கம் பார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். ‘பிறழ்கிறது’ என்ற வினை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உடனே பிடிபடுகிறதா என்று, குழுமத்தில் உள்ள ஆசிரியர்கள் யாராவது வகுப்பில் படித்துக்காட்டிச் சொன்னால் ஞாயிறுக்குள் வரைவை மூடிவிடலாம்.

அன்புடன்.