ஷாங்காய் மெட்ரோ இவ்வளவு விரைவாக வளர்ந்ததற்கு மண்தான் காரணமா?

வேளச்சேரிப் பயணி:

வணக்கம். ஷாங்காயில் முதல் மெட்ரோ ரயில் 1993-இல் ஓடியது. நம் பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடத் தொடங்கியது. நம் ரயில் வேளச்சேரிக்கு வந்து சேரவே 2007 ஆகிவிட்டது. ஷாங்காயோ 2010 உலகக் கண்காட்சிக்குள் 400 கி.மீ.-ஐயும், 2021 இறுதிக்குள் 800 கி.மீ.-ஐயும் தாண்டிவிட்டது. சென்னை மெட்ரோவின் முதல் கட்டமும் விம்கோ நகர் நீட்டிப்பும் சேர்ந்து 54 கி.மீ.தான். அங்கே மண் இளகியது, தோண்டுவது எளிது என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மைதானா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:

உங்கள் அலுவலக நண்பர் சொல்வது பாதி உண்மைகூட இல்லை. ஷாங்காய், யாங்சி ஆறு கொண்டுவந்து குவித்த வண்டலின்மேல் அமர்ந்த ஊர். பாறையைத் தொட ஏறக்குறைய 300 மீட்டர் இறங்க வேண்டும். நீர் ஊறிய களிமண்ணும் நுண்மணலும் சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு வழிவிடும் என்பது சரி. ஆனால் ஓரிடத்தில் கசிவு தொடங்கிவிட்டால் மேலே தெருவே இறங்கிவிடும். 2003 ஜூலை 1 அன்று நான்காம் வழித்தடத்தில் அதுதான் நடந்தது. ஹுவாங்பு ஆற்றை ஒட்டி, இரண்டு சுரங்கங்களை இணைக்கும் குறுக்குப் பாதையை வெட்டுவதற்காக மண்ணைச் செயற்கையாக உறையவைத்திருந்தார்கள். குளிரூட்டல் பிசகியதும் மணலும் நீரும் உள்ளே பாய்ந்தன. கரையில் இருந்த கட்டடங்கள் சாய்ந்தன. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. அந்தத் துண்டை விட்டுவிட்டே 2005 இறுதியில் தடத்தைத் திறந்தார்கள். நகரைச் சுற்றிவரும் அந்தத் தடத்தின் வட்டம் முழுமை பெற்றது 2007 இறுதியில்தான்.

நம் ஊரின் தொல்லை வேறு வகை. பல இடங்களில் இயந்திரத்தின் முகத்துக்கு எதிரே கீழ்ப்பாதி பாறையாகவும் மேல்பாதி மணலாகவும் இருக்கும். பாறைக்கேற்ற விசையில் முட்டினால் மேலே உள்ள மணல் சரியும். மணலுக்கேற்ப மெதுவாகச் சென்றால் வெட்டுப்பற்கள்தான் தேயும்.

முன்னாள் ஷாங்காய்வாசி:

நான் அங்கே மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். 1, 2, 8 ஆகிய தடங்கள் சந்திக்கும் மக்கள் சதுக்க நிலையத்தில் தினமும் மாலை தடம் மாறுவேன். நுழைவாயிலில் எல்லாருடைய பையும் ஊடுகதிர்ப் பெட்டிக்குள் போய் வரும். அதன் பிறகு, ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய வாரம் போல, நாம் நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே கொண்டுபோய் மறு நடைமேடையில் சேர்த்துவிடும்.

பொறியாளர் ஐயா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஓர் இயந்திரம் ஒரு நாளில் தோண்டும் தூரம் அங்கும் இங்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு கொண்டதன்று. முதல் தடத்தை ஜெர்மானியக் கடனிலும் ஜெர்மானிய ரயில் பெட்டிகளிலும் தொடங்கியவர்கள், உலகக் கண்காட்சியைக் கெடுவாக வைத்துக்கொண்டு, ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று காத்திராமல், பல தடங்களில் பல பத்து இயந்திரங்களை ஒரே காலத்தில் இறக்கினார்கள். நகர்ப்புற நிலம் முழுவதும் அங்கே அரசுடைமை என்பதால் நிலையத்துக்கு இடம் எடுப்பது நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்காது. வீட்டை விட்டு எழுப்பப்பட்டவர்களின் மனக்குறையை எந்தத் திறப்பு விழாவிலும் நான் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கர்:

பணத்தையும் பாருங்கள். நம் இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2020 நவம்பரில்; 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2024 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் பெருஞ்சுமை மாநிலத்தின் தோளில் இருந்தது. சீனாவிலும் எல்லா ஊருக்கும் கதவு திறந்திருக்கவில்லை: மெட்ரோ கேட்கும் நகரத்தில் 30 லட்சம் நகர்ப்புற மக்களும், ஆண்டுக்கு 30,000 கோடி யுவான் உற்பத்தியும், 3,000 கோடி யுவான் வரவும் இருக்க வேண்டும் என்று 2018-இல் நடுவண் அரசு கடிவாளம் போட்டது. கடன் அவ்வளவு ஏறியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், நம் இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தருவோரில் ஒன்றான, பிரிக்ஸ் நாடுகள் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியின் தலைமையகம் இருப்பதே ஷாங்காயில்தான்.

வேளச்சேரிப் பயணி:

மிக்க நன்றி. பொறியாளர் ஐயா, 2003 விபத்தைப் படித்ததும் வேறொரு கவலை வந்துவிட்டது. மந்தைவெளியில் என் பெரியம்மா வீட்டுக்கு அருகில் சுரங்கம் போகிறது. முன்பே இருந்த ஒரு விரிசலின்மேல், மில்லிமீட்டர் கட்டம் போட்ட கண்ணாடி போன்ற பட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியம்மா அதன்மேல் நாட்காட்டியை மாட்டி மறைத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

முதலில் நாட்காட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தப் பட்டை உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு தகடுகள்; விரிசலின் இருபுறமும் ஒவ்வொன்று ஒட்டியிருக்கும். விரிசல் அகன்றால் மேல் தகட்டின் சிவப்புக் கோடு கீழ்த் தகட்டின் கட்டங்களில் நகர்ந்து காட்டும். இயந்திரம் கடந்து செல்லும் நாட்களில் காலையும் மாலையும் தேதியோடு ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கோடு நகர்ந்தால், அளவெடுக்க வருபவருக்காகக் காத்திராமல் பணித்தளப் பலகையில் உள்ள எண்ணை உடனே அழையுங்கள்.